ஆறாவது கேள்விக்கு எழுதிய பதில்

மகள் வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு,

நலம். நீயும் நலம்தான், ஒரு சுற்று பெருத்துவிட்டாய் என்று மகள் போனில் சொன்னாள். சந்தோஷம். இங்கே நானும் பட்டினி கிடக்கவில்லை.

"வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுங்க, அப்புறம் வரேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாயே, அதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன். நீ சொன்னதற்காக அல்ல. எதிர்வீட்டுத் தபால்காரர் எடுத்திருக்கிறார். அந்த ஒழுகல் வீட்டுக்கே காப்பீடு இருக்கும்போது, ஒருவரிடமும் படிக்காமல் நானே கற்றுக் குழாய் பதித்த வீட்டுக்கு இல்லையென்றால் யாருக்கு அவமானம்?

செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள், கூரையைப் படம் எடுத்தாள். குழாய்களைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னேன், குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்படிப்பட்டவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

பிறகுதான் வம்பு. சாமான்களையும் பட்டியல் போட வேண்டுமாம். தையல் மிஷின் வாங்கி எத்தனை வருஷம் என்றாள். தெரியவில்லை. பீரோ மேல்தட்டில் என்ன என்றாள். தெரியவில்லை. பரண்மேல் இருக்கும் மூன்று பெட்டிகள்? "ஐயா, நீங்க இந்த வீட்லதானே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள். நான் முறைத்தேன் என்று எழுதத்தான் ஆசை. சிரித்துவிட்டேன். நீ போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். பட்டியலில் முக்கால்வாசி காலியாகக் கிடக்கிறது. உன்னைத் தவிர யாராலும் நிரப்ப முடியாது.

படிவத்தில் ஆறாவது கேள்வி: இதற்கு முன் வீட்டில் சேதம் உண்டா, காரணம் என்ன? சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டதற்கு உன்னிடம் சொன்ன காரணத்தையே, தெருவில் தண்ணீர் வேகம் அதிகம் என்றே எழுதப் போனேன். "உள்ளத உள்ளபடி எழுதுங்கய்யா, இல்லன்னா செல்லாது" என்றாள். அதனால், "இணைப்பில் பசை காயும் முன்பே தண்ணீரைத் திறந்துவிட்டேன். மனைவி பொறுக்கச் சொன்னாள், கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது. அது கம்பெனிக்கு எழுதியது, உனக்கு அல்ல. வந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவள் மறுபடி வருகிறாள். வீடு இருவர் பேரிலும் இருப்பதால் உன் கையெழுத்து விழாமல் காப்பீடு தொடங்காது. அதுவரை இந்த வீட்டுக்குப் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் விதி அது, நான் கூப்பிடவில்லை. அதற்கு முதல் நாள் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினால் வெயிலுக்கு முன் வந்துவிடலாம். ஜன்னலோரம் உட்கார். பத்திரமாக வா. உடம்புக்கு ஒன்றும் வராமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத
உன் வீட்டுக்காரன்

பி.கு: குழாய் பிய்த்துக்கொண்ட அன்று நனைந்துபோன உன் தையல் மிஷினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டேன். புதிதுபோல ஓடுகிறது. நூல் கோக்கத்தான் வரவில்லை. அதைக் கற்றுக்கொள்வதாகவும் இல்லை.