கீழ்ப்பலகைக்குப் பின்னால்

சாந்தோம்,
ஜூலை 7, செவ்வாய்க்கிழமை

அன்பான ஜெசிகா அப்பாவுக்கு,

மாதாவின் தயவில் நானும் ஜெசிகாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உடம்புக்குத்தான் ஒன்றுமில்லை. மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தினமும் வீடியோவில் முகத்தைப் பார்த்துக்கொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் ஜெசிகா வந்து எட்டிப் பார்ப்பாள். அவள் இல்லாத நேரத்தில் பேசினாலோ, சரி விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பீர்கள், நானும் விட்டுவிடுவேன். இது விடுகிற விஷயமில்லை. இனாயத் பாய் லீவு முடிந்து வியாழக்கிழமை தோஹா திரும்புகிறார். அவர் கையில் இதையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்து அனுப்புகிறேன். பாட்டில் மூடியைத் துணி போட்டுக் கட்டியிருக்கிறேன், அவசரப்பட்டுத் திறந்து சட்டையில் கொட்டிக்கொள்ளாதீர்கள்.

ஜெசிகாவுக்குக் கண்ணாடி வாங்கியாயிற்று. போட்ட அன்றே, நம்ம வீட்டில் இவ்வளவு ஒட்டடையா என்று என்னைக் கேட்கிறாள். வாய் அப்படியே உங்கள் வாய். ஆதம்பாக்கம் ஜாக்சன் அண்ணனின் சின்னவனுக்குக் கோயிலில் புதுநன்மை நல்லபடியாக நடந்தது, எல்லோரும் உங்களை விசாரித்தார்கள். அடையாறு அஃப்சருன்னிசா மேடம் வீட்டுப் பியானோவுக்குள் எலி குட்டி போட்டிருக்கிறது. கம்பியைத் தட்டுகிற பதினோரு சுத்தியலின் கம்பளியைப் பிய்த்து மெத்தை போட்டிருக்கிறது. குட்டிகள் கண் திறக்கட்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்று ட்யூன் செய்யப் போன என்னை மேடம் திருப்பி அனுப்பிவிட்டார். நம்முடையது இப்படியும் ஒரு தொழில்.

சுற்றி வளைத்தது போதும். மந்தைவெளி விசாலாக்ஷி மாமி வீட்டுப் பியானோவை நான் உடைத்துவிட்டேன்.

மாமியின் மகள் அனன்யா வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒன்றுக்கு மனு போடுகிறாள். வருகிற திங்கட்கிழமை வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். கூட வாசிக்கிற சிந்துவின் குழல் மேற்கத்தியக் குழல், அதை நம் இஷ்டத்துக்குக் கீழே இறக்க முடியாது. மாமி வீட்டுப் பியானோவோ அரை சுரம் கீழே நிற்கிறது. ஆறு வருஷமாக நீங்கள் அதை அப்படியேதான் ட்யூன் செய்து வந்தீர்கள். கம்பி பழசு, அறுந்துவிடும் என்றுதான் சுருதியை ஏற்றாமல் விட்டீர்கள் என்று நினைத்தேன். ஏற்ற முடியுமா என்று மாமி கேட்டார். ஏற்றலாமே என்றேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் செய்யாததை நான் செய்து காட்ட வேண்டும் என்று உள்ளுக்குள் கொஞ்சம் ஆசை இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முறைப்படி பார்த்தால் பாதி ஏற்றி, இரண்டு வாரம் ஆறப்போட்டு, அப்புறம் மீதியை ஏற்ற வேண்டும். எனக்கு ஏது இரண்டு வாரம். நேற்று ஒரே நாளில் உட்கார்ந்து ஏற்றினேன். மதியம் ஒரு கம்பி அறுந்து கன்னத்தைக் கீறியது. பழைய கம்பி, இது சகஜம்தான் என்று டெட்டால் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். கடைசியில் எட்டு சுரம் பாக்கி இருக்கும்போது, கீழே உள்ளே எங்கோ டக் என்று ஒரு சத்தம். கம்பி அறுகிற சத்தம் எனக்குத் தெரியாதா. இது அது இல்லை. பூட்டு திறக்கிற மாதிரி ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு, நான் ஏற்றி வைத்த நடுச் சுரங்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன.

அது என்ன என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். காலையில்தான் அனன்யாவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருநூறு கம்பிக்கு மேல் இருக்கிறது, எல்லாம் சேர்ந்து பதினெட்டு டன் இழுக்கிறது, அவ்வளவையும் தாங்குவது இந்த வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்றுதான் என்று. அந்தச் சட்டம்தான் விட்டிருக்கிறது. கீழே திறந்து பார்க்கக்கூடத் துணிவில்லாமல், கம்பி புதுச் சுருதிக்குப் பழகட்டும், இரண்டு நாள் யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மாமி உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "லாய்ட் ஊர்ல இல்லையேன்னு கவலைப்பட்டுண்டிருந்தேன். நீங்க இருக்கேளே, அது போறும்" என்றார்.

என் பயமெல்லாம் அனன்யாவை நினைத்துத்தான். மேல்பலகையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவள் வாசிக்கிறாள். பதிவில் சத்தம் தெளிவாக விழும் என்று அந்த யோசனையைக் கொடுத்ததே நான். அவள் உட்கார்ந்தால் கம்பிகள் கண்ணுக்கு நேராக இருக்கின்றன. எனக்குக் கன்னத்தோடு போயிற்று. அந்தச் சட்டம் மொத்தமாக விட்டால் எந்தக் கம்பி எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யார் சொல்ல முடியும்? இன்று சாயங்காலம் மாமி போன் செய்தார். அனன்யா கை சும்மா இல்லாமல் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டாளாம், கோபித்துக்கொள்ள வேண்டாமாம். உடனே மூடச் சொன்னேன், ஏன் என்று கேட்டதற்கு வாய்க்கு வந்ததை உளறினேன். விடிந்ததும் முதல் வேலையாகப் போய்த் திறந்து பார்க்கப் போகிறேன்.

பதினாறு வருஷமாக நீங்கள் சேர்த்த பெயரை நான் ஒரே நாளில் கெடுத்துவிட்டேன், ஜெசிகா அப்பா. என்னைத் திட்டுங்கள், ஆனால் வெறுத்துவிடாதீர்கள்.

ஜூலை 8, புதன்கிழமை

மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், படியுங்கள். நேற்று வரை நான் யாருக்குப் பயந்தேன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

லஸ்ஸில் மெட்ரோ வேலை, சுற்றிக்கொண்டு போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது. மாமி கல்லூரிக்குப் பாடம் எடுக்கக் கிளம்பிவிட்டார். முதலில் கம்பிகளை எல்லாம் தளர்த்தினேன். மூன்று மணி நேரம் பிடித்தது. கம்பி சுற்றிய ஒவ்வொரு முளையைத் திருப்பும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அனன்யா அறை வாசலிலேயே நின்றாள். திங்கட்கிழமைக்குள் ஆகிவிடுமா ஆன்ட்டி என்று கேட்டாள். தலையாட்டினேன். தண்ணீர் கொண்டுவா என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு, கீழ்ப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன்.

விரிசல் இருந்தது. கனத்த கம்பிகளும் நடுக்கம்பிகளும் பிரிகிற இடத்தில், ஒரு சாண் நீளம். ஆனால் அது திங்கட்கிழமை விழுந்த விரிசல் இல்லை. அதற்குள் பசை இருந்தது, காய்ந்து பழுப்பேறிய எபாக்ஸி. பசைக்கு மேலே தங்கப் பெயிண்ட், சட்டத்தின் பழைய நிறத்தோடு அநேகமாக ஒத்துப்போகிற மாதிரி கலந்து, பொறுமையாகப் பூசியது. அவ்வளவு நேர்த்தியாக நிறம் சேர்க்கிறவர் இந்த ஊரில் ஒருவர்தான். அந்தப் பசைதான் திங்கட்கிழமை பிரிந்திருக்கிறது.

நம் தொழில் வழக்கம் நமக்குத் தெரியும். வேலை செய்தவர் பலகையின் உள்பக்கம் பென்சிலால் தேதியும் சுருதியும் பெயரும் எழுதி வைக்க வேண்டும், அடுத்து வருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் முளையில் கை வைக்க வேண்டும். பலகையைத் திருப்பிப் பார்த்தேன். யாரோ ஹனீஃபா, அறுபத்தொன்றாம் வருஷம். ஞானதாஸ், நான்கு தடவை. எல்லோருக்கும் கீழே உங்கள் கையெழுத்து. "சட்டத்தில் விரிசல். அடைத்திருக்கிறேன். சுருதி ஏற்றக்கூடாது. லாய்ட், 11.10.2020."

வேறு யார் பார்த்த பியானோவாக இருந்தாலும் நான் முதலில் அந்தப் பலகையைத்தான் கழற்றியிருப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டிலும் தவறியதில்லை. இது நீங்கள் பார்த்த பியானோ. உங்களுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது அதில் என்ன இருக்கப்போகிறது என்று திறக்காமல் விட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

மாமி வீட்டுக்கு அந்தப் பியானோ வந்தது அந்த வருஷம் தீபாவளிக்கு. கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவை மூடியபோது நீங்கள்தான் பார்த்து முடித்துக் கொடுத்தீர்கள். சட்டம் கல்லு மாதிரி இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று மாமியிடம் நீங்கள் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பென்சில் தேதி அதற்கு ஒரு மாதம் முந்தியது.

அது கொரோனா வருஷம், எனக்கு மறக்கவில்லை. ஏழு மாதம் ஒரு வீடும் நம்மை உள்ளே விடவில்லை. தரகில் வந்ததைத்தான் சாப்பிட்டோம், நானும்தான் சாப்பிட்டேன். அதனால் உங்களை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க எனக்கு யோக்கியதை பாதிதான். அந்தப் பாதியைக் கொண்டு கேட்கிறேன். முன்பின் தெரியாத அடுத்த ட்யூனருக்கு எழுதி வைத்தீர்கள். வாங்கியவருக்குச் சொல்லவில்லை. தோஹா கிளம்புகிற அன்று வாடிக்கையாளர் நோட்டை என் கையில் கொடுத்து, எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் கரையான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்களே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த வீட்டுக்கு என்னை அனுப்பிவிட்டு தோஹாவில் எப்படித் தூங்கினீர்கள்? எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். இரண்டு பலகைகளையும் திருகி, மூடியைப் பூட்டிச் சாவியை எடுத்து வந்துவிட்டேன். ஒரு பாகம் மாற்ற வேண்டும் என்று அனன்யாவிடம் சொல்லியிருக்கிறேன். ஃபாதரைக் கெஞ்சி, பங்கு மண்டபத்துப் பியானோவைத் திங்கட்கிழமைப் பதிவுக்குக் கேட்டு வாங்கியாயிற்று. அங்கே முதலில் பலகையைத்தான் படித்தேன். அங்கேயும் உங்கள் கையெழுத்து. தேதியும் சுருதியும் மட்டும்தான் இருந்தன. மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாமி வீட்டுக்குப் போகிறேன். அன்று அவருக்கு லீவு. பலகையைக் கழற்றி, விரிசலையும் எழுத்தையும் காட்டப் போகிறேன். அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமையே நீங்கள் அவருக்குப் போன் செய்யுங்கள். நான் போய்ச் சொன்னால் அது புருஷனைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். நீங்களே ஒப்புக்கொண்டால் அது பாவசங்கீர்த்தனம். மாமி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. மயிலாப்பூரில் பாதி வீடுகள் அவர் சொல்லி நம்மிடம் வந்தவை. எல்லாம் போகலாம். போனால் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பெண் மறுபடி அதன் முன்னால் உட்காரக்கூடாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரமாகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

நம் வீட்டுப் பியானோவும் அதே ஸ்டுடியோவிலிருந்து அதே வண்டியில்தான் வந்தது. இன்று ஜெசிகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். தொடாதே என்று கத்திவிட்டேன். பிள்ளை நடுங்கிப்போனாள். உள்ளே கரையான் மருந்து அடித்திருக்கிறேன் என்று பொய் சொல்லிப் பூட்டிவிட்டேன். அப்பா வந்து திறப்பாரா என்று கேட்டாள்.

கீழ்ப்பலகையைக் கழற்ற எனக்கு இரண்டு நிமிஷம் போதும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் உட்கார்ந்தும் பார்த்தேன். கழற்றவில்லை. சொந்த மகள் வாசிக்கிற பியானோவிலுமா என்று சந்தேகப்பட்டுத் திறந்தேன் என்றால், உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் உங்களோடு பழைய மாதிரி இருக்க என்னால் முடியாது. அதனால் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும். மாமியிடம் பேசிய பிறகு என்னிடம் பேசுங்கள். ஜெசிகா ஆறு மணிக்குப் பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போவாள், அப்போது கூப்பிடுங்கள்.

வெயிலில் வெறுந்தலையோடு அலையாதீர்கள். ராத்திரி சோற்றுக்குப் பதிலாக பிஸ்கட் தின்று படுக்காதீர்கள். உங்களுக்காக தினமும் ஜெபமாலை சொல்கிறேன், இன்றும் சொன்னேன், நாளையும் சொல்வேன். மாதா உங்களைக் கைவிட மாட்டாள், நானும்தான்.

ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள், ஜெசிகா அப்பா. ஒன்றுமில்லை என்றால் மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்
கரோல்