காலைச் சண்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். லேசான இருமல்தான், பயப்படாதே. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

குழந்தைகளின் நுரையீரல் நோய்களில் எதை முதலில் ஆராய்வது என்று முடிவு செய்ய, நேற்று டாக்டர்களையும் பெற்றோரையும் ஒன்றாக உட்காரவைத்து, எல்லோருடைய கேள்விகளையும் சுவரில் ஒட்டினோம். ஒரு லாரி டிரைவர் எழுந்தார். "என் பொண்ணு வாயடிச்சா நிம்மதியா வண்டி எடுப்பேன். பேசாம இருந்தாத்தான் பயம். மூச்சு முட்டப்போகுதுன்னு வீட்லயே முன்கூட்டி எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"இதெல்லாம் ஆராய்ச்சிக் கேள்வி இல்லீங்க" என்று பெரிய டாக்டர் அவர் கேள்வி எழுதிய சீட்டைச் சுவரிலிருந்து கழற்றப் போனார்.

கூட்டத்தை நடத்துகிற நான் வாய் திறக்கக் கூடாது. ஆனாலும் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எனக்கு ஆஸ்துமா இருந்த சின்ன வயதில், நான் பள்ளிக்குக் கிளம்பும்போது ஜடை பின்னிக்கொண்டே வம்புக்கு இழுப்பாயே! நான் பதிலுக்குப் பதில் பேசினால் பையை எடுத்துக் கொடுப்பாய். பாதியில் மூச்சு வாங்கினால் அன்று பள்ளி கிடையாது. அது சண்டையே இல்லை, என் மூச்சை நீ சோதித்தது என்று நேற்று சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது.

"எங்கம்மாவும் தினம் திட்டுவாங்க. அதுக்குக் காரணம் வேற" என்று சிரித்தபடி டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். ஓட்டெடுப்பில் டிரைவரின் கேள்வி முதல் வரிசையில் வந்துவிட்டது.

என் பழைய கம்பளிச் சால்வையை அனுப்பு. போன வாரம் போனில் நான் சொன்னதற்கெல்லாம் "சரிம்மா" என்றே சொன்னாய். எனக்கு அது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், ஏதாவது சாக்கு வைத்து மூச்சு விடாமல் திட்டு. நானும் விடமாட்டேன்.

பஸ் வந்துவிட்டது.

உன் வாயாடி