நீங்கள் தட்டாமல் போன அண்டா

பாய்,

இன்று மத்தியானம் என் கடைப் பரணிலிருந்து இறக்கும்போது எவர்சில்வர் குடம் ஒன்று கைநழுவிப் படியில் விழுந்து, தெருவரைக்கும் உருண்டது. கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்கே கேட்டிருக்கும். நான் குடத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உங்கள் ஜவுளிக்கடை இருந்த இடத்தைத்தான் பார்த்தேன். இப்போது அங்கே செல்போன் கடை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

எதிர் டீக்கடையில் சிலிண்டர் வெடித்த அன்று உங்கள் தம்பி போய்விட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த உங்களுக்கு ஒரு கீறல் இல்லை. "இது மறுபொறப்பு பாய்" என்று தெருவே சொன்னது. என்ன பிறப்போ! யாராவது ஷட்டரை இறக்கினால் துணிக்கட்டுகளுக்கு நடுவில் ஒடுங்கினீர்கள். டீ வாசனை பட்டாலே வாந்தி. பயந்த கோளாறு என்றார்கள். தாயத்து வந்தது, ஓதிய தண்ணீர் வந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை.

உங்கள் போதாத காலம், பக்கத்துக் கடை என் பாத்திரக் கடை. பாத்திரம் விழுந்தால் சத்தம் கேட்காமலிருக்கத் தரை முழுக்கச் சாக்கு விரித்தேன். தட்டிப் பார்க்காமல் யார் குடம் வாங்குவார்கள்? நான் தட்டக் கூடாது என்றேன். "இன்னா, ஓட்டக் கொடமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். போகட்டும் என்றிருந்தேன்.

அதைக் கேட்டு, நீங்கள் போய்ப் பார்த்த ஆஸ்பத்திரி மனநல டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்களாம். நீங்கள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னீர்கள்: "அண்ணே, நீங்க சாக்கு போடப் போட என் பயம் ஜாஸ்தியாவுதாம். நானே கொஞ்சம் கொஞ்சமா சத்தத்துக்குப் பழவணுமாம். மாத்திரையும் குடுத்துக்கீறாங்க. ஒரு டம்ளர் எடுங்க."

டம்ளரில் ஆரம்பித்தோம். நீங்களே தட்டினீர்கள். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. ஆனாலும் எழுந்து ஓடவில்லை, நடுக்கம் தணியும்வரை உட்கார்ந்திருந்தீர்கள். அப்புறம் சொம்பு, தவலை, குடம். குடத்தைத் தட்டிய அன்று டீ வாங்கிவரச் சொன்னீர்கள்! மேலே இருந்த பித்தளை அண்டாவைக் காட்டி, "அதத் தட்டிட்டன்னா நான் பழைய ஆளு, அண்ணே" என்றீர்கள்.

அதற்குள் உங்கள் மாமனார் பார்த்துவிட்டார். "நொந்து கெடக்கற மனுசன இப்புடிப் போட்டு வதைக்கறீங்களே" என்று என்னிடம் கத்தினார். தெருவும் அவர் பக்கம். எல்லாம் பாசம்தான், அந்தப் பாசத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மலையில் அமைதியாக இருக்கும் என்று கரியாலூரில் வீடு பிடித்தார்கள். நல்ல காற்று இருக்க மாத்திரை எதற்கு என்று அதையும் நிறுத்தினார்கள். வண்டி ஏறும்போது என்னைப் பார்த்து, "வந்து தட்டறன், வித்துடாதீங்க" என்றீர்கள்.

கல்வராயன் மலையில் இடி பக்கத்து அறையில் விழுவதுபோல விழும். அது ஒருவருக்கும் தோன்றவில்லை. முதல் மழையிலேயே கதவைத் திறந்துகொண்டு ஓடினீர்களாம். "தம்பி பேரச் சொல்லிக் கத்திக்கினே ஓடுனாருங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பாறை வழுக்கிப் பள்ளத்தில் விழுந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை.

அன்றைய வெடி உங்களோடு முடியவில்லை, பாய். எதிர்வரிசைத் தையல்காரர் இன்னும் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் தைக்கிறார். டாக்டரம்மாவைப் பார்க்கலாம், வாங்க என்றேன். "பாய் போனாரே, இன்னா ஆனாரு?" என்று கேட்டுவிட்டார். உங்கள் வைத்தியம் பாதியில் நிறுத்தப்பட்டது என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. யாரும் கேட்கப் போவதுமில்லை.

அண்டாவை விற்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டால் வேறொருவர் ஆர்டர் என்று சொல்லிவிடுகிறேன். இன்று குடத்தை எடுத்து வைத்த கையோடு, அதை இறக்கி நானே தட்டப் போனேன். விரல் மடங்கியது, கை போகவில்லை.

இப்போது அந்தச் சத்தத்துக்குப் பயப்படுவது நான், பாய்.