பம்ப் இல்லாமல் ஏறிய கப்பல்

என் சூசை அண்ணைக்கு,

சுகம் கேட்டு எழுத முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். ஆனபடியால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒல்லாந்துக் கால்வாயைப் பார்த்துவிட்டேன், அண்ணை. நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை.

கனடா வருமுன் அங்கே, நெதர்லாந்தில், ஒரு சரக்குக் கப்பலில் கயிறு பிடிக்கிற வேலை செய்தீர்கள். இங்கே மொன்றியலில் ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் ரோல்சும் தேத்தண்ணியுமாக நாங்கள் நிற்கும்போது கதையைத் தொடங்குவீர்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கதவு வைத்த பெரிய தொட்டி, அதற்குப் பெயர் லொக். கப்பலை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் தண்ணீர் நிரம்பும்.

"கப்பல் நாலு மாடி உயரம் எழும்புமடா, அருளப்பு!"

"எத்தனை பம்ப் அண்ணை பூட்டியிருக்கிறாங்கள்?"

"ஒரு பம்பும் இல்லை. மேல்பக்கத்துத் தண்ணி தன்பாட்டில வந்து நிரப்பும்."

"அப்ப கப்பலுக்கு மேல கார் நிண்டது எண்டியள், அதுவும் தன்பாட்டில ஏறினதோ?"

மண்டபமே சிரித்தது. நான் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். ஆனால் வெங்காயத் தோட்டத்துக்கு மண்ணெண்ணெய்ப் பம்ப் இறைத்த அனுபவத்தில், தண்ணீர் விஷயத்தில் நான்தான் விஞ்ஞானி. ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் தண்ணீர் கீழேதான் கிடக்கும், மனுசன்தான் மேலே இழுக்க வேண்டும். அன்றைக்கே உங்களுக்குப் 'பம்ப் சூசை' என்று பெயர் வைத்தேன். பிறகு நீங்கள் அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. நான் அதைக் கவனித்தேனா?

இந்தக் கோடையில் பெறாமகனின், அதுதான் என் தம்பி மகனின், கலியாணத்துக்கு ஒல்லாந்து போனபோது, அவன் என்னை ஒரு லொக்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். எட்டிப் பார்த்தேன். கிணற்றுக்குள் கிடப்பதுபோல் கீழே ஒரு நீளக் கப்பல். யன்னலில் திரைச்சீலை, பூச்சாடி; கப்பலிலேயே குடியிருக்கிற குடும்பமாம். கூரையில் சிவப்புக் கார், அண்ணை! ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றாள். அவளுடைய உச்சந்தலைதான் எனக்குத் தெரிந்தது.

கதவு மூடியது. பம்ப் சத்தம் வரும் என்று காதைக் கொடுத்தேன். ஒரு முனகல்கூட இல்லை. தண்ணீர் அடியிலிருந்து சுழித்து வந்தது. அந்தப் பெண் ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் இடையில் உயர்ந்துகொண்டே வந்தாள். உச்சந்தலை முகமானது, முகம் என் கண்ணுக்கு நேரே வந்தது. வேலையை நிறுத்தாமலே நாலு மாடி ஏறிவந்து எனக்கு வணக்கம் சொன்னாள். என் கை தன்பாட்டில் தொப்பியைக் கழற்றியது. கோயிலுக்குள் நிற்கிற மாதிரி நின்றேன்.

திரும்பி வந்ததும் உங்கள் மகள் மெலனிக்குப் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். அவள் இரண்டு தரம் பார்த்தாள்.

"அப்ப அப்பா புளுகேல்லையா, சித்தப்பா?"

"இல்லையம்மா. பம்ப் மட்டும் தெரிஞ்ச மடையன் நான்தான்."

"அப்பா இருக்கேக்க ஏன் சொல்லேல்லை?"

என் பகிடியைக் கேட்டே வளர்ந்த பிள்ளை அது. தகப்பனைப் புளுகர் என்றே இத்தனை வருடமும் நினைத்திருக்கிறது.

போன ஞாயிறு அவளை இங்கே மொன்றியலுக்குப் பக்கத்திலிருக்கிற சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ லொக்குக்குக் கூட்டிப் போனேன். நீங்கள் கூப்பிட்ட நேரமெல்லாம் "பேந்து வாறன்" என்று நான் கடத்திய அதே இடம். பக்கத்தில் இருந்தும் ஒல்லாந்து சுற்றித்தான் வந்து சேர்ந்தேன்! இங்கே படகு இடுப்பளவுதான் ஏறியது.

"இவ்வளவுதானா?" என்றாள் மெலனி.

பிறகு குனிந்து பார்த்தாள். படகில் நின்றவர் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். படகு எழும்ப எழும்பக் கயிறு தளரும், தளர விட்டால் படகு சுவரில் போய் அடிக்கும். மண்டபத்தில் கதை சொல்லும்போது நீங்கள் வெறும் காற்றில் இழுத்துக் காட்டியது இதைத்தான். நாங்கள் அதற்கும் சிரித்தோம்.

மெலனியின் கைகளைப் பார்த்தேன். அவளுக்கே தெரியாமல் அவை காற்றில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தன.

உங்கள் ஆண்டுத் திருப்பலி முடிந்து, அதே மண்டபத்தில், அதே ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் நான் எழும்பி நிற்பேன். காரையும் விடாமல் முழுக் கதையும் சொல்வேன். எத்தனை பம்ப் என்று யாராவது கேட்டால், ஒன்றுமில்லை என்று உங்களைப்போலவே சொல்வேன். சிரித்தால் சிரிக்கட்டும். இந்த முறை நான் கயிற்றைத் தளர விடமாட்டேன்.

உங்களோடு கூடப் பிறக்காத, உங்களைப் பார்த்து மண்டபத்தோடு கூடச் சிரித்த தம்பி,
அருளப்பு