எப்சிபாவின் நான்கு முட்டைகள்

ஜூன் 2
கொழுந்தன் குடும்பம் பின்வீட்டுக்குக் குடிவந்தாயிற்று. இரண்டு வீட்டுக்கும் வளவு ஒன்றுதான். அவர் மனைவி எப்சிபா, பாத்திரம் பண்டத்தோடு ஒரு ஜோடி பேண்டம் கோழியும் கொண்டுவந்திருக்கிறாள். அவள் அப்பா கொடுத்ததாம். இரண்டும் புறா அளவுதான். சேவலுக்குக் காலெல்லாம் இறகு. ஒன்பது வருடமாகப் பெருவிடை நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஒருநாள்கூடக் கூட்டுக் கதவைத் தொடாத என் வீட்டுக்காரர் ஸ்டான்லி, அதுகள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி ஜெஸி, இங்கன வந்து பாரேன். என்ன அழகு!"

அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன். இல்லை.

ஜூன் 7
இன்றும் போய் உட்கார்ந்தார்.

ஜூன் 14
என் கோழி கருப்பி இந்தத் தடவையும் அடைக்கு உட்காரவில்லை. எப்சிபாவின் குட்டைக்கோழி இன்றுதான் நான்கு முட்டையோடு கூடையில் உட்கார்ந்தது, அசையவே இல்லை. இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று, கூடைக்குள் ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் வைத்தாள். அதற்கும் ஸ்டான்லி, "வெவரமான புள்ள" என்கிறார். நான் வைக்காத ஆணியா?

ஜூன் 15
எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். தலைவலி என்று நான் போகவில்லை. அந்த நான்கையும் எடுத்துவிட்டு, கருப்பியின் முட்டை நான்கை வைத்தேன். குட்டைக்கோழி கையைக் கொத்தியது. எடுத்ததை ஆம்லெட் போட்டு ஸ்டான்லிக்கே கொடுத்தேன். நல்லாயிருக்கு என்று சாப்பிட்டார்.

பொறாமைதான். வேறென்ன பெயர் சொல்ல?

ஜூலை 4
குட்டைச்சேவலைக் கீரி கொண்டுபோய்விட்டது. எப்சிபா சாப்பிடவில்லை. முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூலை 6
நான்கும் பொரிந்தன. எப்சிபா ஒரு குஞ்சை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அக்கா, முட்டை மாறினது அன்னைக்கே தெரியும். பெருசால்லா இருந்துச்சு. கருப்பி அடைக்கு இருக்க மாட்டேங்குதுன்னு மாத்தியிருப்பியன்னு விட்டுட்டேன். என் முட்டைய எந்தக் கோழிக்கு வச்சிருக்கிய? சேவலும் போயிட்டுல்லா, அதுதான் கடைசி."

குஞ்சைக் கூடையில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கே திட்டித் தொலைத்திருக்கலாமே இவள் —

ஜூலை 7
சொல்லிவிட்டேன்.

"தின்னுட்டியளா?" என்று மட்டும் கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3
விடாத சாரல். ஆலங்குளத்தில் ஒருவரிடம் பேண்டம் சேவல் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப்போய் வாங்கி வந்தேன். எப்சிபா என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். என் கோழியின் குஞ்சுகள் குட்டைக்கோழியின் இறக்கைக்குள் அடங்கவில்லை. தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு நனைகின்றன. நான் குருணை போட்டுக் கூப்பிட்டாலும் வருவதில்லை.

அக்டோபர் 18
குட்டைக்கோழி மறுபடி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. ஐந்து முட்டை. எப்சிபா என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒங்க முட்டையும் ரெண்டு வைக்கட்டா?"

மூன்று மாதத்துக்குப் பிறகு அக்கா என்கிறாள்.

"வேண்டாம்ட்டி. ஒன்னோடதே இருக்கட்டும்."

ஸ்டான்லி அந்தக் கூடைப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். எரியத்தான் செய்தது.

மத்தியானம் இடி. எப்சிபா துணி எடுக்க மாடிக்கு ஓடினாள். நான் ஆணியையும் கரித்துண்டையும் எடுத்துக்கொண்டு அவள் கூடைக்கு ஓடினேன். கோழி கையைக் கொத்தியது.