நல்ல தண்ணீரில் கழுவிய கார்

மடத்துவெளி,
புங்குடுதீவு.
12-12-1974
வியாழன், பின்னேரம் மூன்று மணி

அன்பு மகன் பரமநாதன் அறிய அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் இந்த நேரம் வரை சுகம். லண்டன் குளிரில் நீயும் சுகமாயிருக்க நயினை அம்மனைக் கும்பிட்டபடி இருக்கிறேன். இந்த நேரம் வரை என்று எழுதியதற்குப் பதற வேண்டாம், காரணத்தைச் சொல்கிறேன். நான் வாசலைப் பார்த்து நின்றபடி சொல்லச் சொல்ல உன் தங்கை மனோகரி எழுதுகிறாள். தன் பள்ளிக்கூடத் தமிழில்தான் எழுதுவாள், எதையும் விடாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீ அனுப்பிய படம் கிடைத்தது, நன்றாக மெலிந்துவிட்டாய். பசு நாகு கன்று போட்டது. மனோகரி சுகாதாரப் பாடத்தில் எண்பத்தெட்டுப் புள்ளி எடுத்தாள். அந்தப் பாடப் புத்தகம்தான் நான்கு நாளாக எங்கள் நித்திரையைக் கெடுக்கிறது.

போன ஞாயிறு விடியற்காலை, எங்களுக்கு மீன் கொண்டுவரும் குருசுமுத்து ஓடிவந்து, தன் மனைவி எமிலிக்கு இரவு முழுக்க வாந்தியும் வயிற்றோட்டமும், எழும்ப ஏலாமல் கிடக்கிறாள், கார் வேண்டும் என்று கும்பிட்டான். உன் ஐயா அவளை எங்கள் வாடகைக் காரின் பின் சீற்றில் கிடத்தி யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். பாலத்தில் கடல் எழும்பி அடித்ததில் கார் முழுக்க உப்பு. உள்ளே இருந்த நிலையை எழுதத் தேவையில்லை. மத்தியானம் திரும்பி வந்தவருக்கு அது என்ன நோய் என்ற யோசனையே இல்லை, மறுநாள் கலியாணச் சவாரிக்குக் கார் போக வேண்டுமே என்பதுதான் யோசனை. எங்கள் வீட்டுக் கிணறு உவர், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் காரில் படவிடமாட்டார் என்பது உனக்குத் தெரியும். வழமையில் கனகசபை வீட்டு நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து இரண்டு வாளி கொண்டுவந்து கழுவித் துடைப்பார். இந்த முறை இரண்டு வாளி காணாது என்று காரையே அந்தக் கிணற்றடியில் கொண்டுபோய் நிறுத்தினார். நானும் மறிக்கவில்லை. இந்தக் குறுகிய ஒழுங்கையின் இரு பக்கமும் உள்ள பதினான்கு வீடும் குடிப்பது அந்தக் கிணற்றில்தான்.

மாரி மழையில் கிணறு கைக்கெட்டும் அளவுக்கு நிரம்பியிருந்தது. மனோகரி அள்ளித் தர ஐயா ஊற்றினார், நான் தேய்த்தேன். பின் சீற்றைக் கழற்றி வெளியே வைத்து, சவுக்காரம் போட்டுத் தும்பால் உரஞ்சினேன். கால்மிதிகளை அடித்துக் கழுவினோம், கதவு இடுக்குகளுக்குள் துணியைக் குச்சியில் சுற்றி விட்டு எடுத்தோம். ஐயா சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, மட்காட்டின் உட்புறமெல்லாம் கையால் தடவித் தடவிக் கழுவினார். உப்பு ஒரு துளி நிண்டாலும் இரும்பைத் திண்டுபோடும் என்று கீழேயிருந்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். எழுபது வாளிக்கு மேல் என்று மனோகரி சொன்னாள். முடிந்தபோது அந்தப் பழைய ஓஸ்ரின் கார், கடையிலிருந்து எடுத்த நாள்போல் மினுங்கியது. மனோகரி கார்க் கதவில் முகம் பார்த்துத் தலை வாரி இழுத்தாள். கழுவிய தண்ணீர் கிணற்றடியில் குளமாக நின்று மெல்ல மெல்ல வற்றியது. எங்கே வற்றுகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பொழுதுபட என் அக்காவின் மகள் நாகமுத்து தண்ணீர் அள்ள வந்து, இதென்ன சின்னம்மா தண்ணி சவுக்காரம் மணக்குது, இனி உடுப்புத் தோய்க்கச் சவுக்காரம் வாங்கத் தேவையில்லை என்று பகிடி விட்டாள். எல்லோரும் சிரித்தோம். மகன், அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது.

திங்கள் காலை கார் புறப்படுமுன் குருசுமுத்து வந்தான். எமிலிக்குக் கொலராவாம். சேலைன் ஏற்றி வைத்திருக்கிறார்கள், உயிருக்கு இன்னும் உறுதி சொல்லவில்லை. மனோகரி புத்தகத்தை எடுத்துவந்து வாசித்தாள். அது தண்ணீரால் பரவும் நோய், ஐந்து நாள் வரை உள்ளே மறைந்திருக்கும். எங்கள் தீவோ முழுக்க ஓட்டை விழுந்த சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது கீழே இறங்கும். சவுக்கார மணம் கிணற்றுக்குள் போனதென்றால் மற்றதும் போயிருக்கும் அல்லவா என்று கேட்டாள். ஐயா கதிரையில் இருந்துவிட்டார். வாயைத் திறந்தியளெண்டால் பிறகு இந்தக் காரில ஒரு குருவியும் ஏறாது, ஒண்டும் வராது, பேசாமல் இருங்கோ என்றார். கலியாண வீட்டுக்குப் பிறேக் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். நானும் அன்று முழுக்கப் பேசாமல் இருந்தேன். அந்த ஒரு நாளும் பதினான்கு வீடும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

செவ்வாய் விடிய எனக்குப் பொறுக்க ஏலவில்லை. கிணற்றடிக்குப் போனேன். நாகமுத்து வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். கயிற்றை எட்டிப் பிடித்தேன். விடுங்கோ சின்னம்மா, சின்னவள் பாலுக்கு அழுறாள் என்றாள். பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்றிருந்தேன், கத்தவில்லை. மணக்குது எண்டு நான் சொன்னனான், நீங்களும் சேர்ந்து சிரிச்சனீங்கள் என்றாள். குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள். நான் வந்து சொன்னதும் ஐயா மறுபேச்சில்லாமல் சைக்கிளில் போய்ச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்தார். அவர் கிணற்றுக்கு மருந்துத்தூள் போட்டார், எல்லோருக்கும் ஊசி போட ஒழுங்கு செய்தார், ஞாயிறு தாண்டும்வரை அவதானமாயிருங்கள் என்றார். காரையும் மருந்து கலந்து திரும்பக் கழுவச் சொன்னார். ஐயா அதை எங்கள் வளவுக்குள் நிறுத்தி, எங்கள் உவர்த் தண்ணீரையே அள்ளி அள்ளி ஊற்றினார். தூரத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் எடுத்துவரட்டோ என்று மனோகரி கேட்டாள். வேண்டாம், துருப்பிடிக்கட்டும் என்றார்.

இன்று காலை நாகமுத்துவின் சின்னவளுக்கு இரண்டு தரம் வயிற்றாலே போயிற்று. மூன்று வயது, நீ போகும்போது அவள் பிறக்கவில்லை. தண்ணீர் மாறியதாலும் இருக்கலாம் என்று பரிசோதகர் சொன்னார், ஆனாலும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஒழுங்கையில் வேறு கார் இல்லை. ஐயா அவள் வாசலில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்தபடி தலை குனிந்து நின்றார். அவள் பிள்ளையோடு வந்து உள்ளே பார்த்தபடி நின்றாள். வேறை வழி இருந்தால் ஏறமாட்டன் என்று சொல்லி, தன் வீட்டுச் சேலையைச் சீற்றில் விரித்துத்தான் இருந்தாள். எட்டு மணிக்குப் போனவர்கள், இன்னும் வரவில்லை. தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் மனோகரி பேனையை வைத்துவிட்டு எழும்புகிறாள்.

சனிக்கிழமைகளில் வீட்டுக்காரரின் காரைக் கழுவிக் கொடுப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பார், மகன். காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் செல்லும். இங்கே யாருக்கும் ஏதும் நடந்தால் அதற்கு முன்னமே தந்தி வந்திருக்கும். தந்தி வராமல் இதை வாசிக்கிறாய் என்றால் சின்னவள் வீட்டுக்கு வந்துவிட்டாள், ஒழுங்கையில் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அறிந்துகொள். உனக்கு அது தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் தெரியாது.

நயினை அம்மன் உன்னோடு துணை நிற்பாள். நீடூழி வாழ்க.

உன் வரவை நினைத்திருக்கும்
அம்மா
சொல்லக் கேட்டு எழுதியது: மனோகரி