முகம் முழுக்கத் திருநீறு

மச்சான்,

இன்று மேலங்கியை மாட்டும்போது பையில் உன் தகரப் பேணி தட்டுப்பட்டது. மூடியைத் திறந்தேன். திருநீறும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த மணம். அதைக் கோயில் மணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் யாரோ இருப்பது போன்ற மணம்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விடுதியில் நாம் இருவரும் ஒரே அறை. ஊர்ச்சனம் வேண்டாத சாமான்களைத் தெருவோரம் குவிக்கும் நாளில் எல்லாரும் மெத்தையும் கதிரையும் தூக்கிவர, நீ ஓர் இசைத்தட்டைத் தூக்கி வந்தாய். அட்டையில் வெள்ளை முகத்தோடு நாலு பேர், நடுவில் திறந்த சவப்பெட்டி. எழுபதுகளில் இந்தப் பக்கத்து மேடைகளில் நாடகம்போல் ஆடிப் பாடிய றொக் குழு. எல்லாரும் மறந்துவிட்ட பிறகுதான் உன் கையில் கிடைத்தது.

"படுக்க மெத்தையில்லை, உனக்குப் பேய்ப்பாட்டோ?" என்று கத்தினேன்.

அது குப்பை என்று உனக்கு நிரூபிக்கத்தான் அட்டையிலிருந்த பாட்டு வரிகளை அகராதி வைத்துப் படித்தேன். வகுப்புக்குப் போகாமலே நான் இந்த நாட்டுப் பாஷையான டொச் பழகியது அப்படித்தான். குப்பை என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

அந்தக் குழுவை மறக்காத கொஞ்சப் பேரை நீ தேடிப் பிடித்தாய். மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் உடைமாற்றும் மண்டபத்தில் ஆண்டுதோறும் கூடி, முகத்துக்கு வெள்ளை பூசி, பழைய மேடை நாடகத்தைத் திரும்ப ஆடுவார்கள். முதல் தடவை போகும்போது உன்னிடம் சாயம் இல்லை. சாமிப்படத்துக்கு முன்னாலிருந்த திருநீற்றை எண்ணெயில் குழைத்து முகம் முழுக்க அப்பிக்கொண்டு போனாய். பிணத்தின் நிறம் அச்சொட்டாக வந்தது. அதற்குப் பிறகு அந்த வெள்ளைக்காரர் எல்லாரும் உன்னிடம் கேட்டு வாங்கிப் பூசத் தொடங்கினார்கள்.

"சாமி சாமானை வைச்சுக் கூத்தாடுறியே, வெக்கமில்லையோ?"

"அவரே சுடலையில ஆடுறவர்தானே. என்னோட கோவிப்பாரோ?" என்று சிரித்தாய். பிறகு சிரிக்காமல் சொன்னாய்: "செத்தா எனக்கும் இப்பிடித்தான். நெத்தியில மூண்டு கோட்டோட விட்டிடாதை. நீதான் பூச வேணும்."

ஓம் என்றேன்.

மாசியில் நீ செத்துப்போனாய். பூச உன் மகன் விடவில்லை.

"மாமா, ஆக்கள் சிரிப்பினம். அப்பா கோயில் சபையில இருந்தவர்."

"உன்ர கொப்பர் கேட்டதடா!"

"ஏலாது எண்டா ஏலாது."

பட்டு வேட்டி, மூன்று கோடு. பெட்டிக்குள் கிடந்தது யாரென்றே எனக்குத் தெரியவில்லை. அவனோடு அன்றைக்கு நிறுத்திய பேச்சு. இனியும் பேசப்போவதில்லை.

போன சனிக்கிழமை, உன் கூட்டத்தில் மூத்தவளான றெனாட்டா என்னிடமிருந்த உன் பேணியைக் கொண்டுவரச் சொன்னாள். கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் போனேன். பட்டப்பகலிலும் அந்த மண்டபம் இருட்டு. முன்பு தொழிலாளர் தங்கள் உடுப்பைச் சங்கிலியில் கட்டிக் கூரைக்கு இழுத்துவிடுவார்களாம். இப்போது அந்தக் கொக்கிகளில் உங்கள் கறுப்பு அங்கிகள், தலையில்லாத ஆட்கள்போல. காற்றில்லை. ஒன்று மட்டும் மெல்ல ஆடியது. யாருடையது என்று நான் கேட்கவில்லை.

றெனாட்டா அந்தச் சங்கிலியைத்தான் அவிழ்த்தாள். ஒருவர் இறந்தால், அடுத்த கூட்டத்தில் அவருக்கு நெருங்கிய ஆள் அவருடைய அங்கியைப் போட்டு, அவருடைய முகத்தைப் பூசி, கடைசிப் பாட்டுக்குச் சவப்பெட்டியில் படுத்து எழும்ப வேண்டும் என்றாள். யாரும் வராவிட்டால் சங்கிலிக்குப் பூட்டு. பிறகு அந்த முகத்தை ஒருவரும் பூசுவதில்லை. "மகனைக் கேட்டேன், மறுத்துவிட்டான்," என்றாள். நீ பழக்கிவிட்ட தமிழில் முடித்தாள்:

"ஓமோ, ஏலாதோ?"

ஏலாது என்று வாய்வரை வந்தது. அது உன் மகனின் சொல். பேணியை நீட்டினேன்.

அவள் என் முகத்தில் பூசிவிட்டு, பேணியைத் திருப்பித் தந்து, கண்ணாடியைப் பிடித்தபோது அதில் நீ இருந்தாய். இடது புருவத்தை உயர்த்தினாய். நான் உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு யாரும் என் பெயரைக் கூப்பிடவில்லை. வெள்ளை முகங்கள் ஒவ்வொன்றாக வந்து உன்னோடு பேசின. ஒருவன் என் கையைப் பிடித்து, "இந்தமுறையும் பிந்தித்தான் வந்தாய்," என்று கோபித்தான். ஒருத்தி காதுக்குள் ஏதோ சொல்லி அழுதாள். அதை எழுதமாட்டேன், உனக்கானது.

சவப்பெட்டியில் படுத்தேன், மேலே மூடினார்கள். உள்ளே உன் மணம். பாட்டுத் தொடங்கியதும் வாய் தானாகப் பாடியது. ஒரு வரிகூடத் தவறவில்லை. நான்தானே மனப்பாடம் செய்தவன். ஆனால் அந்தக் குரல் என்னுடையதுதானா என்று இப்போதும் நிச்சயமில்லை.

முகத்தைத் துடைக்காமலே டிராமில் ஏறினேன். எதிர் இருக்கையில் இருந்த நம்மூர்ப் பெண் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, செத்தவீடோ?"

"ஓம் தங்கச்சி."

"எடுத்தாச்சோ?"

"இண்டைக்குத்தான் எடுத்தது," என்றேன்.

பேணி இப்போது என் பையில்தான் இருக்கிறது. அடியில் கிடப்பது இன்னும் ஒரு முகத்துக்குப் போதும். என் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டேன். நான் போகும்போது பூசச் சொல்லி றெனாட்டாவிடம் சொல்லிவைத்துவிட்டேன். அவள் ஓம் என்றாள்.